நியூற்றன் காத்த நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசு ஒன்று. சொல் தவறாத நேர்மை மற்றொன்று. "அவர் நாணயமான மனிதர்" என்று ஒரு வர்த்தகரைப் பற்றி நாம் சொல்லும்பொழுது, அவர் கொடுக்கும் காசும் நல்லது, சொல்லும் சொல்லும் நல்லது என்பது அதனுள்ளே அடங்கிவிடுகின்றது. இவ்விரு பொருளும் ஒருங்கே அற்றுப்போகும் நிலை ஒரு தேசத்துக்கு வருமாயின் அங்கே என்ன நிகழும்? 1690ஆம் ஆண்டை அடுத்த சில வருடங்களில் இங்கிலாந்துக்கு அந்நிலை வந்தது. அதனைத் தீர்க்கப் புகுந்தவர்களுள் ஒருவர், நம் மாணவர்கள் பௌதிகப் பாடத்திலே சந்திக்கும் ஐசாக் நியூற்றன்.

நியூற்றன் என்றதும் அப்பிள் பழமும் இயக்க விதிகள் மூன்றும் நினைவுக்கு வரும். அவர் தம் வாழ்நாளின் கடைசி முப்பத்தோராண்டுகளை இலண்டன் தங்கசாலையிலே உத்தியோகம் பார்த்துக் கழித்தவர் என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியிலே சொல்லி அப்பாற் சென்றுவிடும். அந்த ஒரு வரிக்குள்ளே கள்வரும் ஒற்றரும் தூக்குமரமும் நிறைந்த பெருங்கதை ஒன்று அடங்கிக் கிடக்கின்றது.

விளிம்பிலே வந்த வினை

இக்கதையை விளங்கிக்கொள்வதற்கு, அக்காலத்துக் காசு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வெள்ளியை உருக்கிப் பாளமாக வார்ப்பர். பாளத்தைத் தட்டித் தகடாக்கிக் கத்தரியால் நறுக்குவர். நறுக்கிய துண்டுகளை நிறுத்துப் பார்த்து, ஓரங்களைத் தட்டி ஏறக்குறைய வட்டமாக்குவர். அச்சுகள் இரண்டு. கீழச்சு ஒரு மரக்குற்றியிலே ஆழப் பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் வெள்ளித் துண்டை வைத்து, மேலச்சை ஒரு கையாற் பிடித்து, மறு கையாற் சம்மட்டி கொண்டு ஓங்கி அடித்தால், அரசன் தலை ஒரு புறமும் அரச இலச்சினை மறு புறமும் பதிந்து காசு பிறக்கும். மனிதன் கையால் அடித்த காசாதலின் எந்த இரண்டும் முற்றாக ஒத்திரா. வட்டம் கோணியிருக்கும், உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். விளிம்பு என்று சொல்லத் தக்கது ஒன்று இராது.

இதுதான் கள்வனுக்கு வாய்ப்பாயிற்று. காசின் ஓரத்திலே மயிரிழையளவு வெள்ளியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? பிறக்கும்போதே கோணிப் பிறந்த காசு, பின்னர் கோணலாக்கப்பட்டதா என்று சொல்வாரில்லை. ஒருவன் கத்தரித்துவிட்டுக் கடையிலே கொடுப்பான். அதனை வாங்கியவர்களுள் இன்னொருவன் மறுபடியும் கத்தரிப்பான். சேர்ந்த துணுக்குகளை உருக்கினால் வெள்ளிக் கட்டி. காசோ முழு மதிப்புக்குச் செலவாகிவிடும். உழைப்பின்றிச் செல்வம் சேர்க்க இதனிலும் எளிய வழி அந்நாளில் இருந்ததாகத் தெரியவில்லை.

பல தலைமுறையாக நடந்து வந்த இக்களவின் அளவு எவ்வளவு என்பது 1695ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. திறைசேரிக்கு வந்து சேர்ந்த 57,200 பவுண் பெறுமதியான பழைய வெள்ளிக் காசுகளை நிறுத்துப் பார்த்தார்கள். முறைப்படி அவை 2,20,000 அவுன்சுக்கு மேல் நிறை காட்டியிருக்க வேண்டும். தராசு காட்டியதோ 1,14,000 அவுன்சுக்கும் குறைவு. தேசத்தின் வெள்ளியிலே ஏறக்குறையப் பாதி, விளிம்பு வழியே ஒழுகிப்போயிருந்தது!

இதனால் அன்றாட வாழ்க்கை பட்ட பாட்டைச் சரித்திராசிரியர் மக்கோலே விரித்துரைத்திருக்கின்றார். எந்தக் கொடுக்கல் வாங்கலும் சச்சரவில் முடிந்தது. எண்ணிக் கொடுப்பதா, நிறுத்துக் கொடுப்பதா என்பது முதல் வழக்கு. தொழிலாளிக்குக் கூலியாக ஒரு சிலிங் கொடுத்தால், அதைக் கடைக்காரர் ஒரு சிலிங்காக ஏற்பாரா, எட்டுப் பென்சாக ஏற்பாரா என்பது கடைக்குப் போன பின்னரே தெரியும். வெள்ளியை நம்ப முடியாதபடியால் எல்லாரும் பொன்னை நாடினர். ஏறக்குறைய இருபத்தொன்றரைச் சிலிங்குக்கு மாறிய கினி என்னும் பொற்காசு, 1695ஆம் ஆண்டு நடுப்பகுதியில் முப்பது சிலிங்குக்கு ஏறிவிட்டது. அதே ஆண்டு, பிரான்சுடன் நடந்த யுத்தத்துக்காகப் பிற தேசத்திலே நின்ற படைக்கும் சம்பளம் அனுப்ப வேண்டியிருந்தது. குறைந்த காசை உள்ளூரில் அதட்டிச் செலவிடலாம். கடலுக்கு அப்பால் அந்த அதட்டல் செல்லாது.

நம்மவர்க்கும் இந்தத் தொல்லை புதிதன்று. பழந்தமிழ் நாட்டிலே காசையும் பொன்னையும் நோட்டஞ் செய்வதற்கென்றே ஒரு தொழிலாளர் வகுப்பு இருந்தது; அவர்களை வண்ணக்கர் என்பர். சங்கப் புலவர் சிலருடைய பெயரோடு இத்தொழிற் பெயர் ஒட்டி நிற்பதைத் தமிழ் மாணவர் அறிவர். நமது மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களிலே பரிபாலனப் பொறுப்புடையாரை வண்ணக்கர் என்று அழைக்கும் வழக்கு இன்னும் இருக்கின்றது. காசு நோட்டம் பார்த்தவன் பெயர் கோயிற் பொறுப்பாளர் பெயராக நிலைத்ததிலே, நாணயம் என்ற சொல்லின் இரு பொருளும் ஒன்றாகிவிட்டதைக் காணலாம்.

இயந்திரமும் அதன் பகைவரும்

நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. காசை இயந்திரத்தால் அடித்து, வட்டத்தைச் செம்மையாக்கி, விளிம்பிலே கோடுகளையோ எழுத்துக்களையோ பொறித்துவிட்டால், கத்தரி பட்ட அடையாளம் குழந்தைக்கும் தெரியும். இந்த யுக்தி இங்கிலாந்துக்குப் பிரான்சிலிருந்து வந்தது. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1561ஆம் ஆண்டளவில், எலோய் மெஸ்ற்றெல் என்னும் பிரெஞ்சுக்காரர் இலண்டன் கோட்டையிலே இயந்திரம் நிறுவி அழகிய காசுகளை ஆக்கினார். சம்மட்டிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் பிழைப்பிலே மண் விழும் என்று அஞ்சினர். இயந்திரமும் வேகம் குறைந்ததாக இருந்தது. 1572ஆம் ஆண்டு மெஸ்ற்றெல் விலக்கப்பட்டார். அதன்பின் அவர் செய்த காரியம் கள்ளக்காசு அடித்தது. 1578ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்டார். கள்ளக்காசை ஒழிக்க வந்த கலையை அந்நாட்டுக்குக் கொண்டுவந்தவருக்கே வாய்த்த முடிவு இது.

தொண்ணூறு ஆண்டுகள் வீணே கழிந்தன. மீண்டும் ஒரு பிரெஞ்சுக்காரர், பியேர் புளொண்டோ, வந்தார். மீண்டும் தங்கசாலையார் எதிர்த்தனர். முடிவில் இரண்டாம் சாள்ஸ் மன்னன் ஆட்சியில், 1662ஆம் ஆண்டு தொடக்கம் இயந்திரக் காசு நிலைபெற்றது. குதிரைகள் சுற்றும் செக்குப் போன்ற பொறி வெள்ளியைத் தகடாக உருட்டும். மற்றொரு பொறி வட்டமாக வெட்டும். பாரமான நீண்ட கைகளையுடைய திருகு யந்திரத்தைப் பலர் இழுத்துச் சுழற்ற, அச்சு ஒரே அடியில் விழும். அச்சின் கீழே வெள்ளி வட்டத்தை வைத்து எடுப்பவன் கணம் தவறினால் அவன் விரல் போய்விடும். விளிம்பு பொறிக்கும் கருவி மட்டும் பரம இரகசியம். அதைக் கையாளுவோர் பிறருக்கு வெளியிடுவதில்லை என்று சத்தியஞ் செய்ய வேண்டும். பெரிய காசுகளின் விளிம்பிலே இலத்தீன் மொழியில் ஒரு தொடர் பொறிக்கப்பட்டது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற யோன் ஈவ்லின் அதனை எடுத்துக் கொடுத்தார் என்பர். தமிழிலே அதனை "அணியும் அரணும்" என்று சொல்லலாம். காசுக்கு அழகும் அதுவே, காவலும் அதுவே.

இத்துணை செய்த அரசாங்கம் ஒன்றைச் செய்யாமல் விட்டது. பழைய சம்மட்டிக் காசைத் திரும்பப் பெறவில்லை. நிறை குறைந்த பழைய சிலிங்கும் நிறைந்த புதிய சிலிங்கும் ஒரே மதிப்புக்குச் சந்தையிலே உலாவின. இரண்டையும் கையிலே வைத்திருப்பவன் எதைச் செலவிடுவான், எதைப் பெட்டியிலே பூட்டுவான்? புதிய காசுகள் வெளிவந்த வேகத்திலேயே பெட்டிக்குள்ளும் உருக்கும் உலைக்குள்ளும் மறைந்தன. கோட்டையிலே புதுக்காசு அடித்துக்கொண்டேயிருந்தார்கள். கடைத்தெருவிலே தேய்ந்த காசே திரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி!

ஆகவே பழைய வெள்ளி முழுவதையும் அழைத்து உருக்கிப் புதிதாக அடிப்பது என்று 1696ஆம் ஆண்டு சனவரியிலே பாராளுமன்றம் சட்டமியற்றியது. அதற்கு முன் நடந்த வாதம் இன்றைக்கும் பொருளியல் மாணவர் படிக்கத் தக்கது. திறைசேரிச் செயலாளர் லவுண்ட்ஸ் சொன்னார்: வெள்ளியின் விலை ஏறிவிட்டது, ஆதலால் புதுக்காசிலே வெள்ளியை ஐந்திலொரு பங்கு குறைத்து அடிப்போம். தத்துவஞானி யோன் லொக் மறுத்தார்: காசு என்பது இத்தனை நிறை வெள்ளி என்ற வாக்குறுதி, அரசாங்கமே அதனைக் குறைத்தால் கத்தரி வைத்த கள்வனுக்கும் அரசுக்கும் என்ன வேறுபாடு? அரசாங்கம் கருத்துக் கேட்ட அறிஞர்களுள் நியூற்றனும் இருந்தார். அவருடைய எண்ணம் லவுண்ட்ஸின் பக்கமே சாய்ந்தது. ஆனால் வென்றது லொக்கின் வாதம். பழைய நிறை மாறாமல் புதுக்காசு அடிப்பதென்று தீர்மானமாயிற்று. லொக்கின் பேச்சைக் கேட்கையில் நெஞ்சு ஒப்புகின்றது. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்கையில் நெஞ்சு அவ்வளவாக ஒப்பவில்லை.

அந்த விலை இதுதான். தேய்ந்த காசை முழு மதிப்புக்கு வரியாக ஏற்பதற்கு அரசாங்கம் 1696 மே 4ஆம் திகதியைக் கடைசி நாளாக வைத்தது. அந்நாள் நெருங்க நெருங்கத் திறைசேரி வாயிலிலே பெருங்கூட்டம் நெரிந்தது. வரி செலுத்தக் கடமைப்பட்ட நிலக்காரரும் வணிகரும் தங்களிடமிருந்த தேய்ந்த காசை வரிக்கணக்கிலே தள்ளி முழு மதிப்பும் பெற்றுக்கொண்டனர். வரி செலுத்தும் அளவுக்கு வாழ்வில்லாத கூலிக்காரன் தன் முடிச்சிலிருந்த நான்கு சிலிங்கை எங்கே கொண்டுபோவான்? மே 5ஆம் திகதி அது வெறும் வெள்ளித் துண்டாயிற்று. பழையது போய்ப் புதியது வராத அந்த வேனிற் காலத்திலே, கூலி கொடுக்கக் காசின்றிக் கடன் சீட்டிலே நாட்டின் சீவனம் நடந்தது. சில ஊர்களிலே கலகமும் மூண்டது.

நிறை குறைந்த காசை முழு மதிப்புக்கு வாங்கியதால் வந்த நட்டத்தை ஈடுசெய்ய அரசாங்கம் மற்றொரு வழி கண்டது. வீட்டின் சாளரங்களை எண்ணி வரி விதித்தார்கள். வீடு ஒன்றுக்கு இரண்டு சிலிங். பத்துச் சாளரங்களுக்கு மேற்பட்டால் அதற்குமேல் இன்னும் கூடும். பலர் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்து வரிக்குத் தப்பினர். சில ஆண்டுகளுக்கென்று வந்த இவ்வரி 1851ஆம் ஆண்டு வரை நீங்கவில்லை. இங்கிலாந்தின் பழைய வீடுகளிலே அடைபட்ட சாளரங்களை இன்றும் பார்க்கலாம். காசின் விளிம்பிலே திருடப்பட்ட வெள்ளிக்கு, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மக்கள் காற்றையும் வெளிச்சத்தையும் கொடுத்துத் தீர்த்தார்கள்.

பேராசிரியர் கோட்டைக்கு வருகிறார்

கேம்பிரிட்ச் சர்வகலாசாலையிலே கணிதப் பேராசிரியராக இருந்த நியூற்றனுக்கு, நிதியமைச்சராயிருந்த சாள்ஸ் மொன்ரேகு 1696 மார்ச்சு மாதத்திலே ஒரு கடிதம் எழுதினார். தங்கசாலைக் காப்பாளர் பதவி அவருக்கு வழங்கப்படுகின்றது, வேலை அதிகமில்லை, வேண்டிய பொழுது வந்து போகலாம் என்பது அதன் சாரம். நண்பருக்குச் சம்பளத்துடன் ஓய்வு தரும் ஏற்பாடு என்றே மொன்ரேகு கருதினார் போலும். நியூற்றனுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. அவருடைய மாபெரும் நூலாகிய 'பிரின்சிப்பியா' வெளிவந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

கோட்டைக்கு வந்து பார்த்தவர் ஓய்வெடுக்கவில்லை. தங்கசாலை அதிபர் தோமஸ் நீல் என்பவர் சூதாட்டத்திலும் அதிட்டலாபச் சீட்டிலும் கருத்துடையவரேயன்றிக் காசு அடிப்பதிலே கருத்துடையவரல்லர். அதிகாரமில்லாத காப்பாளராகிய நியூற்றன் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் தம் கைக்குள் கொண்டுவந்தார். பழைய கணக்குப் புத்தகங்களைத் தேடிப் படித்தார். உலையிலே ஒரு முறை உருக்க எவ்வளவு கரி, எவ்வளவு நேரம், எவ்வளவு சேதாரம் என்று எழுதினார். திருகு யந்திரத்தின் அருகே நின்று பார்த்து, ஆட்கள் களைப்பின்றி நிமிடத்துக்கு ஐம்பது முதல் ஐம்பத்தைந்து காசு வரை அடிக்க முடியும் என்று கணக்கிட்டார். கோள்களின் ஓட்டத்தை அளந்தவருக்குச் சம்மட்டிக்காரரின் மூச்சை அளப்பது சிறு காரியமாகத் தோன்றவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

திறைசேரிக்குப் பின்புறத் தோட்டத்திலே பத்து உலைகள் மூட்டப்பட்டன. அங்கே தேய்ந்த காசுகள் பாளங்களாகிக் கோட்டைக்குப் போயின. கோட்டையிலே ஏறக்குறைய 300 தொழிலாளரும் 50 குதிரைகளும் அதிகாலை நான்கு மணி தொடக்கம் நள்ளிரவு வரை உழைத்தனர். முன்னர் கிழமைக்கு 15,000 பவுண் பெறுமதியான காசு அடிப்பதே சிறப்பெனக் கருதிய இடத்திலே, ஒரு கிழமைக்கு 1,00,000 பவுண் என்ற அளவு எட்டப்பட்டது. நோரிச், யோர்க், செஸ்ரர், பிறிஸ்டல், எக்செற்றர் என்னும் ஐந்து நகரங்களிலே கிளைச் சாலைகள் திறக்கப்பட்டன. செஸ்ரருக்கு அனுப்பப்பட்டவர் நியூற்றனின் நண்பர் எட்மண்ட் ஹலி. வால்வெள்ளி ஒன்றுக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே ஹலிதான். வானத்து ஒழுங்கைக் கண்டறிந்தவருக்குச் செஸ்ரர்ச் சாலையிலே கிடைத்தது உடன் உத்தியோகத்தரின் ஓயாத சண்டை. இவ்வாறு சில ஆண்டுகளிலே ஏறக்குறைய அறுபத்தெட்டு இலட்சம் பவுண் பெறுமதியான வெள்ளி புதுக்காசாயிற்று.

கள்வனும் காப்பாளனும்

கத்தரிக்க இடமில்லாது போன பின் கள்வர் அச்சடிக்கத் தலைப்பட்டனர். கள்ளக்காசு அடிப்போரைப் பிடித்து வழக்காடுவது தங்கசாலைக் காப்பாளரின் கடமைகளுள் ஒன்று. நியூற்றன் அதை விரும்பவில்லை. தம்மை இப்பொறுப்பிலிருந்து நீக்கும்படி 1696ஆம் ஆண்டிலே திறைசேரிக்கு எழுதினார். கள்வனைக் காட்டிக்கொடுப்போருக்கு நாற்பது பவுண் பரிசு என்று சட்டம் இருந்தபடியால், சாட்சிகள் பணத்துக்காகப் பொய் சொல்கின்றனர் என்று யூரிமார் எண்ணினர். வழக்குத் தொடுப்பவனுக்குத்தான் அவப்பெயர் என்று குறைப்பட்டார். அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

ஏற்கப்படாத பின் அவர் செய்ததுதான் வியப்பு. இலண்டனைச் சூழ்ந்த மாவட்டங்களுக்கெல்லாம் தம்மைச் சமாதான நீதவானாக நியமிக்கச் செய்தார். ஒற்றர்களை அமர்த்தினார். சிறைச்சாலைகளுக்கும் மதுச்சாலைகளுக்கும் தாமே போய்ச் சாட்சியங்களை எழுதினார். அச்செலவுகளுக்கு அரசாங்கத்திடம் கணக்கும் கொடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் அவர்முன் பதிவாயின. ஆராய்ச்சிக் கூடத்திலே ஒளிக்கதிரைப் பிரித்த அதே பொறுமையோடு பொய்யையும் மெய்யையும் பிரித்தார்.

அவருக்கு வாய்த்த பெரும் எதிரி வில்லியம் சலோனர். ஏழை நெசவாளி மகன். பேர்மிங்கம் நகரிலே ஆணி அடிப்பவனிடம் தொழில் பழகியவன். இலண்டனுக்கு வந்து போலி வைத்தியம், குறி சொல்லல் என்று பல தொழில் பார்த்து, மெருகு பூசும் கலையைக் கற்று, அந்தக் கலையைக் கொண்டு பிரெஞ்சுப் பொற்காசுகளையும் கினிகளையும் போலியாகச் செய்து பெரும் பணக்காரனானான். அதோடு அடங்கியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான். 1697ஆம் ஆண்டு பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றி, தங்கசாலையிலே ஊழல் மலிந்திருக்கின்றது, கள்ளக்காசு அடிக்க முடியாதபடி காசு ஆக்கும் வழி எனக்குத் தெரியும், என்னைச் சாலைக்குள் விட்டால் செய்து காட்டுகிறேன் என்றான். குழுவும் அதற்கு இணங்கி நியூற்றனுக்குப் பணித்தது. விளிம்பு பொறிக்கும் இரகசியத்தைக் காப்பதாகச் செய்த சத்தியத்தைச் சொல்லி நியூற்றன் மறுத்துவிட்டார். கள்வன் கேட்டது பாலுக்குக் காவல் இருக்கும் உத்தியோகம். பூனை யாரென்று நியூற்றனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் முறை சலோனரைப் பிடித்தபோது முக்கிய சாட்சியை அவன் பணங்கொடுத்து ஸ்கொத்லாந்துக்கு அனுப்பிவிட்டான். வழக்குச் சரிந்தது. ஏழு கிழமையில் வெளியே வந்தவன், தான் அநியாயமாக வருத்தப்பட்டதாகப் பாராளுமன்றத்துக்கு முறைப்பாடு எழுதினான்! பேராசிரியர் அவசரப்படவில்லை. அவனுடைய கூட்டாளிகள், கூட்டாளிகளின் மனைவியர், அச்சு வெட்டிக் கொடுத்தவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து எழுதிக்கொண்டே வந்தார். 1698ஆம் ஆண்டிலே அரசாங்கத்தின் சீட்டு ஒன்றைப் போலியாகச் செய்த குற்றத்துக்குச் சலோனர் மீண்டும் அகப்பட்டான். நியூகேற் சிறையில் அவனுடன் இருந்தவர்களுள் நியூற்றனின் ஒற்றரும் இருந்தனர். அவன் பைத்தியம் போல நடித்துப் பார்த்தான், பலிக்கவில்லை. 1699 மார்ச்சு 3ஆம் திகதி விசாரணை. அக்காலத்திலே காசைப் போலி செய்தல் இராசத் துரோகம். ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்கு எரியூட்டல். இந்தப் பின்னைய கொடுமை 1790ஆம் ஆண்டிலேதான் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

தீர்ப்புக்குப் பின் சலோனர் நியூற்றனுக்குக் கடிதம் எழுதினான். பாராளுமன்றத்திலே சவால் விட்ட ஆணவம் அதில் இல்லை. உங்களைப் பகைத்ததால் எனக்கு இது வந்தது, நீங்கள் இரங்காவிடின் நான் கொல்லப்படுவேன் என்று கெஞ்சும் கடிதம் அது. நியூற்றன் இரங்கவில்லை. அதே மாதத்தில் தைபேண் தூக்குமேடையிலே அவன் கதை முடிந்தது.

இவ்விடத்திலே நியூற்றனை எவ்வாறு மதிப்பது என்பதில் எழுதுவோர் வேறுபடுகின்றனர். கடமை தவறாதவர் என்பர் சிலர். கல் நெஞ்சர் என்பர் சிலர். சட்டம் அவர் எழுதியதன்று என்பதும், அச்சட்டத்தை அவர் தளர்த்த முயன்றதில்லை என்பதும் இரண்டும் உண்மை. அவருடைய மருமகள் கணவராகிய கொண்டுவிற், பிற்காலத்தில் நியூற்றனோடிருந்து இவ்வழக்குகள் பற்றிய தாள்களைப் பெட்டி பெட்டியாக எரிக்கத் தாம் உதவியதாகச் சொல்லியிருக்கின்றார். அதற்குத் தப்பிய வாக்குமூலங்களும் சலோனரின் கடிதமும் இன்றும் பேணப்பட்டுள்ளன. என்னைப் பொறுத்தவரை, எரிக்கத் தோன்றிய அந்த மனமே அவரைச் சற்றேனும் நமக்கு அண்மையிலே கொண்டுவருகின்றது.

வெள்ளி போன வழி

1699ஆம் ஆண்டு முடிவிலே நீல் இறந்தபின் நியூற்றன் தங்கசாலை அதிபரானார். 1727ஆம் ஆண்டு தாம் இறக்கும்வரை அப்பதவியிலே இருந்தார். விளிம்பு காக்கப்பட்டுவிட்டது, காசு நிறை குறையாமல் வெளிவந்தது. ஆனால் வெளிவந்த வெள்ளிக் காசு நாட்டிலே தங்கவில்லை. லொக் பிடித்த பிடியிலே காசின் நிறை பழையபடியே இருந்தது. உலகச் சந்தையிலே வெள்ளியின் விலையோ ஏறியிருந்தது. காசாக வைத்திருப்பதைவிட உருக்கிக் கடல் கடத்துவது இலாபம். கத்தரி விட்ட வேலையை உலை எடுத்துக்கொண்டது. கத்தரித்த காசிலாவது பாதி வெள்ளி நாட்டிலே மிஞ்சியது. உருக்கிய காசு முழுவதுமே போயிற்று.

இது ஏன் என்பதை 1717ஆம் ஆண்டு செத்தெம்பரிலே நியூற்றன் திறைசேரிக்கு எழுதிய அறிக்கை கணக்கிட்டுக் காட்டியது. ஐரோப்பாவிலே ஓர் இறாத்தல் தங்கத்துக்கு ஏறக்குறையப் பதினைந்து இறாத்தல் வெள்ளி கொடுக்க வேண்டும். இந்தியாவிலே அதே தங்கம் பன்னிரண்டு இறாத்தல் வெள்ளிக்குக் கிடைக்கும். சீனத்திலும் யப்பானிலும் ஒன்பது அல்லது பத்துக்கே கிடைக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதை யார் மறிப்பது? கீழைத்தேசம் செல்லும் கும்பனிக் கப்பல்களிலே ஏறியவற்றுள் பெரும்பகுதி வெள்ளியே. அதன் ஒரு பகுதி சோழமண்டலக் கரையிலே, சென்னைப்பட்டினத்துக் கோட்டையிலே வந்து இறங்கியது. கோட்டைக்குள்ளேயே கும்பனியாருக்கு ஒரு தங்கசாலை இருந்தது. அந்த வெள்ளியின் பெறுமதி கடைசியிலே நம் தமிழ் நெசவாளரின் துணிக்கு விலையாயிற்று.

அறிக்கையைத் தொடர்ந்து கினியின் விலை இருபத்தொரு சிலிங் என்று நிறுத்தப்பட்டது. வெள்ளியைத் தடுத்து வைக்க அக்குறைப்புப் போதவில்லை. வெள்ளி போய்க்கொண்டேயிருக்க, பொன்னே இங்கிலாந்தின் நடைமுறை நாணயமாயிற்று. சட்டம் அதனை ஒப்புக்கொள்ள 1816ஆம் ஆண்டு வரை சென்றது. வெள்ளியைக் காக்க உலைக்களத்திலே நின்றவர், தாம் எண்ணாமலே பொன்னின் காலத்துக்கு வாயிலைத் திறந்துவிட்டார்.

"அணியும் அரணும்" என்ற அந்த விளிம்புத் தொடர் நெடுங்காலத்தின் பின் 1983ஆம் ஆண்டிலே, தாளுக்குப் பதிலாக வந்த ஒரு பவுண் குற்றிகளிலே மறுபடியும் தோன்றியது. இம்முறை கள்வர் விளிம்பையும் சேர்த்தே போலி செய்தனர். நூறு குற்றிகளில் ஏறக்குறைய மூன்று போலி என்று பிரித்தானியத் தங்கசாலையே மதிப்பிட வேண்டி வந்தது. 2017ஆம் ஆண்டு மார்ச்சிலே பன்னிரண்டு பக்கமுள்ள இரு நிறக் குற்றி வெளியாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆம் திகதியுடன் வட்டப் பவுண் செல்லாக்காசாயிற்று.